கணக்கப்பிள்ளை வேலை போனது. குல்கர்ணி பெயர் நின்றது!

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு "குல்கர்ணி" என்ற பெயர் புதிதல்ல.

அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரர் குல்கர்ணி. சம்பளப் பிரிவில் ஒரு குல்கர்ணி. பையனுக்கு மராத்தி சொல்லித்தரும் ஆசிரியை குல்கர்ணி. மாலையில் டோம்பிவிலி வண்டியில் நம்மை நகர்ந்து உட்காரச் சொல்லி, நாலாவது ஆளாக ஒண்டிக் கொள்கிறவரும் குல்கர்ணிதான்.

"இத்தனை பேரும் ஒரே குடும்பமா? அண்ணன் தம்பிகளா?"

ஊரில் இருந்து புதிதாக வந்தவர்கள் இப்படிக் கேட்பது உண்டு. இல்லை. இவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவே கிடையாது. ஊர் வேறு, கோத்திரம் வேறு. சிலருக்குத் தாய்மொழியே வேறு. பெயர் மட்டும் ஒன்று.

காரணம், அது முதலில் ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. ஒரு வேலையின் பெயர். அந்த வேலை நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை. நம் ஊரில் அதைக் "கணக்கப்பிள்ளை" என்போம். "கர்ணம்" என்றும் சொல்வோம்.

"ஆட்நாவ் காய்?"

இந்தப் பெயரைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

மும்பைக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தந்தார். "ஆட்நாவ் காய்?" என்று கேட்டார். "ஆட்நாவ்" என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். "அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குடும்பப் பெயர் இல்லாமல் மனிதன் இருப்பானா? கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேறு வழி இல்லை. அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

அன்று முதல் அந்த அலுவலகத் தாள்களில் எல்லாம் அப்பாதான் இருந்தார். நான் இல்லை. கூப்பிடும்போதும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் பெரியவர்கள்கூட அவரை அப்படிப் பெயர் சொல்லி அழைத்தது கிடையாது!

படிவத்தைத் திருப்பித் தந்தவரின் மேஜையில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதில் இருந்த பெயர் குல்கர்ணி.

"இவருக்கு மட்டும் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. தேடிப் பார்த்தபோது கிடைத்த கதை நம் ஊர்க் கதையாகவும் இருந்தது.

குடிகளின் கணக்கு

"குல்கர்ணி" என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன.

முதல் சொல் "கூள்". குடும்பம், குடி என்று அதற்குப் பொருள். நிலத்தைப் பயிரிடும் குடியானவனையும் மராத்தியில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாவது சொல் "கரணி". எழுத்தர், கணக்கர் என்று பொருள். "கரணம்" என்ற வடசொல்லில் இருந்து வந்தது.

ஆக, குல்கர்ணி என்றால் "குடிகளின் கணக்கை எழுதுகிறவர்". மோல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் தொகுத்து 1831-ல் வெளியான மராத்தி அகராதியும் இந்தச் சொல்லை ஒரு கிராம அதிகாரியின் பெயராகவே தருகிறது.

மராட்டிய கிராமத்தில் அந்த நாளில் இரண்டு பெரிய பதவிகள் இருந்தன. ஒன்று பாட்டீல். மற்றொன்று குல்கர்ணி.

பாட்டீல் ஊர்த்தலைவர். வரி வசூலிப்பது, வழக்குத் தீர்ப்பது, ஊர்க்காவல் எல்லாம் அவர் பொறுப்பு. நம் ஊர்ப் பட்டாமணியம் மாதிரி. குல்கர்ணி அவருக்குப் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்தவர். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், எவ்வளவு வரி, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் ஏட்டில் இருக்கும். பத்திரம் எழுதுவதும் அவரே. மேலிடத்தில் இருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் அவரே.

பழைய மராத்திப் பத்திரங்களில் பாட்டீலின் கையெழுத்து இருக்கும் இடத்தில் ஒரு கலப்பை வரைந்திருக்கும். அதுவே அவர் அடையாளம். அந்தக் கலப்பைக்கு மேலே இருக்கும் வாசகம் முழுவதும் குல்கர்ணி எழுதியது. கலப்பை வரைந்தவருக்கு அதைப் படிக்கத் தெரியுமா, தெரியாதா என்பது வேறு விஷயம்!

கிராமத்துக்கு மேலே பர்கணா. பல கிராமங்கள் சேர்ந்தது. அங்கேயும் இதே ஜோடி. தலைவர் தேஷ்முக். கணக்கர் தேஷ்பாண்டே. கிராமத்தில் பாட்டீலுக்குக் குல்கர்ணி எப்படியோ, பர்கணாவில் தேஷ்முக்குக்குத் தேஷ்பாண்டே அப்படி.

ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராக 1943-ல் பதவி ஏற்ற சி.டி.தேஷ்முக், மராத்தி நகைச்சுவை எழுத்தாளர் பு.ல.தேஷ்பாண்டே, குடியரசுத் தலைவராக இருந்த பிரதிபா பாட்டீல், இவர்கள் பெயர்களை எல்லாம் இனிப் படிக்கும்போது ஒரு பழைய கச்சேரியின் பதவிப் பட்டியல் உங்கள் கண்முன் வரும்.

பரம்பரைச் சொத்து

இந்தப் பதவிகளுக்குச் சம்பளம் உண்டா? இன்றைய மாதிரி மாதச் சம்பளம் கிடையாது. "வதன்" உண்டு.

வதன் என்பது பதவியும் அதற்குரிய வருமானமும் சேர்ந்த பரம்பரை உரிமை. வரி இல்லாத நிலமோ, குறைந்த வரி நிலமோ கிடைக்கும். அறுவடையின்போது குடியானவன் களத்தில் இருந்து தானியம் அளப்பான். திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இரண்டாம் மரியாதை என்பதும் வதனில் சேர்ந்ததே.

இது தந்தைக்குப் பின் மகனுக்குப் போகும். நான்கு மகன்கள் இருந்தால் நான்கு பங்காகும். ஒரு பங்கை அடகு வைக்கலாம். விற்கவும் செய்தார்கள். பதவி என்பது வீடு, தோட்டம் மாதிரி ஒரு சொத்து.

பெயர் பரவியதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குல்கர்ணி. ஆயிரக்கணக்கான கிராமங்கள். கணக்கு எழுதியவர் ஒருவர் என்றாலும், வதனில் பங்கு உள்ள பங்காளிகள் அனைவரும் குல்கர்ணிகள். பதவியின் பெயர் குடும்பத்தின் பெயராக ஒட்டிக் கொண்டது. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடம், கோர்ட்டு, ரெயில்வே, சர்க்கார் உத்தியோகம் எல்லாம் வந்தன. எல்லா இடத்திலும் படிவம். எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் "குல்கர்ணி" என்று எழுதினார்கள். அது அப்படியே நிலைத்து விட்டது.

எங்கே அதிகம்?

மராட்டிய மாநிலத்தில் மேட்டு நிலப் பகுதியைத் "தேஷ்" என்பார்கள். புனே, சதாரா, சாங்லி, சோலாப்பூர், அகமதுநகர் என்ற பெயரோடு இருந்த அகில்யாநகர் ஆகிய மாவட்டங்கள் அதில் சேர்ந்தவை. அதற்குக் கிழக்கே மராத்வாடா. குல்கர்ணி என்ற பெயருக்கு இவை தாய்வீடு. பெரும்பாலும் தேசஸ்த பிராமணர்கள் இந்தப் பதவியில் இருந்தார்கள். ஆனால், வேறு சாதிகளிலும் குல்கர்ணிகள் உண்டு.

ஞானேஸ்வரரின் குடும்பத்தாரும் பைத்தானுக்கு அருகே ஆபேகாவ் என்ற கிராமத்தின் குல்கர்ணிகளாக இருந்தவர்கள் என்று சொல்வது மரபு. அது 13-ம் நூற்றாண்டு. பெயர் எவ்வளவு பழையது என்பதற்கு இது ஒரு சான்று.

கொங்கணக் கடற்கரைப் பக்கம் போனால் நிலைமை மாறுகிறது. அங்கே பல கிராமங்களில் வரி வசூல் "கோத்" என்பவர் கையில் இருந்தது. அதனால் அங்கே கோத் என்றே குடும்பப் பெயர் உண்டு. கொங்கணத்திலும் கோவாவிலும் ஊர்ப் பெயரோடு "கர்" சேர்த்துக் கொள்வதும் அதிகம். மங்கேஷி என்ற கோவா ஊரில் இருந்து வந்த பெயர்தான் மங்கேஷ்கர்.

தெற்கே கர்நாடகத்துக்குள் போனால் குல்கர்ணி மீண்டும் வருகிறார். பெலகாவி, தார்வாடு, விஜயபுரா, பாகல்கோட்டை, கதக், கலபுரகி மாவட்டங்களில் இந்தப் பெயர் ஏராளம். அங்கே பலருக்குக் கன்னடமே தாய்மொழி. லிங்காயத்துகளிலும் குல்கர்ணிகள் இருக்கிறார்கள். பெலகாவி, தார்வாடு, விஜயபுரா பகுதிகள் 1956 வரை பம்பாய் ராஜ்யத்தில் இருந்தவை. மாநில எல்லை மாறியது. பெயருக்கு எல்லை இல்லை.

மராத்தி சிறுகதை மன்னர் ஜி.ஏ.குல்கர்ணி (1923-1987) இதற்கு நல்ல உதாரணம். பெலகாவி மாவட்டத்தில் பிறந்தவர். தார்வாடில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். கன்னட மண்ணில் இருந்துகொண்டு மராத்தியில் எழுதினார். "காஜள்மாயா" என்ற தொகுப்புக்கு 1973-ம் ஆண்டின் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. நூல் வெளியான தேதி பற்றிச் சர்ச்சை கிளம்பியதும், பரிசைத் திருப்பித் தந்துவிட்டார். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ!

மற்ற எழுத்தர்கள்

எழுத்து வேலையில் இருந்து வந்த பெயர் குல்கர்ணி மட்டும் அல்ல. மும்பை ரெயில் நிலையங்களில் ஒட்டியிருக்கும் பட்டியல்களைப் படித்தாலே பத்துப் பெயர்கள் கிடைக்கும்.

"நவீஸ்" என்ற பாரசீகச் சொல்லுக்கு "எழுதுபவர்" என்று பொருள். மராத்தியில் அது "னிஸ்" என்று சுருங்கியது. கடிதம் எழுதியவர் சிட்னிஸ். பாரசீக மொழியில் எழுதியவர் பாரஸ்னிஸ். படைக்கு ஆள் வருகைப் பதிவேடு எழுதியவர் சப்னிஸ். அரசாங்கச் சாமான் கிடங்குகளின் கணக்கு எழுதியவர் கார்கானிஸ்.

வரவு செலவுத் தாள்களைப் பார்த்தவர் ஃபட்னவிஸ். பேஷ்வாக்கள் காலத்தில் ராஜதந்திரி என்று பெயர் எடுத்த நானா ஃபட்னவிஸ் (1742-1800) அந்தப் பதவியில் இருந்தவர். 2014-ல் மராட்டிய முதல்-மந்திரியான தேவேந்திர ஃபட்னவிசின் குடும்பப் பெயரும் அதுவே.

நாணயம் நல்லதா, கள்ளதா என்று உரசிப் பார்த்தவர் போத்தார். வருவாய்க் கணக்கை வைத்திருந்தவர் மஜும்தார். இந்தப் பெயர் மராட்டியத்திலும் உண்டு, வங்காளத்திலும் உண்டு. இரண்டு இடத்திலும் ஆட்சி மொழி ஒரு காலத்தில் பாரசீகமாக இருந்ததே காரணம். "கரணம்" என்ற சொல்லில் இருந்தே வந்த மற்றொரு மராத்திப் பெயர் கர்ணிக்.

ஆக, மும்பையில் குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழன் தனியாள் இல்லை. அவன் சுற்றிலும் பழைய குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நம் ஊர்க் கரணம்

இனி நம் பக்கம் வருவோம்.

"கரணம்" என்ற சொல் தமிழுக்கும் பழக்கமானதே. சிலப்பதிகாரம் சொல்லும் எண்பேராயத்தில் "கரணத்தியலவர்" என்ற ஒரு கூட்டம் வருகிறது. கணக்கர்கள் என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் "கரணத்தான்" என்று கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஊர்க் கணக்கு எழுதியவர்கள் இவர்கள்.

கணக்கு விஷயத்தில் நம் முன்னோர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு சாட்சி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. அப்படி ஒரு விதி அதில் இருக்கிறது.

கணக்கு வேலையைக் குலத்தொழிலாகக் கொண்ட கருணீகர் சமூகத்தின் பெயரும் இந்தக் கரணத்தை ஒட்டியதே. வள்ளலார் இராமலிங்க அடிகள் 1823-ல் மருதூரில் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை இராமையா பிள்ளை கிராமக் கணக்கராக இருந்தவர்.

ஆந்திரத்தில் இதே சொல் "கரணம்" என்று வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கிய கரணம் மல்லேஸ்வரியை யாரும் மறந்திருக்க முடியாது. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் "கரணம்", நம் ஊர்க் கர்ணம்தான்.

பழைய மைசூர்ப் பகுதியில் இதே வேலையைச் செய்தவர் ஷானுபோகர். கடற்கரைக் கர்நாடகத்தில் ஷான்பாக் என்ற குடும்பப் பெயர் அதில் இருந்து வந்தது. மலபாரில் கிராம அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்து கணக்கு எழுதியவரை மேனன் என்றார்கள். வடக்கே பட்வாரி. குஜராத்தில் தலாட்டி. பெயர்கள் பல. வேலை ஒன்று.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மற்றொரு உறவும் உண்டு. குல்கர்ணிகள் கணக்கு எழுதியது மோடி எழுத்தில். பேனாவை எடுக்காமல் ஓட்டமாக எழுதும் எழுத்து அது. 17-ம் நூற்றாண்டில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி வந்தபோது அந்த எழுத்தும் வந்தது. 1855-ல் ஆட்சி முடிந்தது. மோடி எழுத்து ஆவணங்கள் மூட்டை மூட்டையாகத் தஞ்சையில் நின்றுவிட்டன. சரஸ்வதி மகாலில் அவற்றைப் பார்க்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது.

பேனாவின் அதிகாரம்

இதுவரை சொன்னது பெயரின் பெருமை. மறுபக்கமும் உண்டு.

ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். மற்றவர்கள் அவர் எழுதியதில் கைநாட்டு வைப்பவர்கள். அப்படியானால் ஊர் யார் கையில்? "கணக்கன் கணக்கைத் தின்னாவிட்டால், கணக்கனைக் கணக்கு தின்னும்" என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. ஒரு கோடு மாறினால் ஒருவன் நிலம் போகும். பாக்கி தீர்ந்த கடன் மீண்டும் முளைக்கும்.

மகாத்மா ஜோதிராவ் பூலே (1827-1890) இதைக் கண்டு கொதித்தார். "ஷேத்கர்யாச்சா ஆசூட்" என்ற நூலை 1883-ல் எழுதி முடித்தார். "குடியானவனின் சாட்டை" என்று பொருள். படிப்பில்லாத குடியானவனைக் கடன்காரனும் குல்கர்ணியும் கச்சேரிக் குமாஸ்தாவும் எப்படிச் சுரண்டினார்கள் என்று அதில் எழுதினார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதே அவர் சொன்ன மருந்து.

கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் ஒரு படி மேலே போனார். 1918-ல் தம் சமஸ்தானத்தில் குல்கர்ணி வதனையே ஒழித்தார். சம்பளம் வாங்கும் தலாட்டிகளை அந்த இடத்தில் நியமித்தார். பரம்பரைக் கணக்கர்கள் எதிர்த்தார்கள். அவர் மசியவில்லை.

வதன் என்பது மேல்தட்டுக்கு மட்டும் இருந்தது அல்ல. ஊரின் கீழ்வேலைகளுக்கும் வதன் இருந்தது. மகார் வதன் அப்படிப்பட்டது. குல்கர்ணிக்கு வதன் சொத்து. மகார்களுக்கோ அது விலங்கு. சொற்ப நிலத்தைக் காட்டி, இரவு பகல் பாராமல் ஊர் வேலை வாங்கினார்கள். டாக்டர் அம்பேத்கர் 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் இதைத் திருத்த மசோதா கொண்டு வந்தார். அது அன்று நிறைவேறவில்லை. அந்த வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958-ல்தான் வந்தது.

பிறப்பால் ஒருவனுக்குப் பேனா, பிறப்பால் மற்றவனுக்குத் துடைப்பம் என்ற ஏற்பாட்டின் மிச்சம் இந்தப் பெயர்களில் ஒட்டிக் கொண்டிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொன்றாகப் போனது

குல்கர்ணி வேலை எப்போது போனது?

பம்பாய் ராஜ்யத்தில் பர்கணா, குல்கர்ணி வதன் ஒழிப்புச் சட்டம் 1950-ல் நிறைவேறியது. 1951 மே 1-ந் தேதி அமலுக்கு வந்தது. தேஷ்முக், தேஷ்பாண்டே, குல்கர்ணி பதவிகள் அதோடு முடிந்தன. நிலப் பதிவேடு தலாட்டியின் கைக்குப் போனது. மும்பையில் நிலம் வாங்கியவர்கள் "சாத்-பாரா" என்று ஒரு தாளைக் கேட்டு அலைந்திருப்பார்கள். ஏழாம் எண் படிவமும் பன்னிரண்டாம் எண் படிவமும் சேர்ந்த தாள் அது. நம் ஊர்ச் சிட்டா, அடங்கல் மாதிரி.

வருவாய்ப் பாட்டீல் பதவியை ஒழிக்கும் சட்டம் 1962-ல் வந்தது. "போலீஸ் பாட்டீல்" மட்டும் மராட்டிய கிராமங்களில் இன்றும் உண்டு. அது பரம்பரைப் பதவி அல்ல. மைசூர் ராஜ்யம் 1961-ல் கிராமப் பதவி ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது.

இதற்கிடையில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்துக் கிராம முன்சீப் பதவி பற்றிய வழக்கு. பழைய முன்சீப் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக ஒருவருக்குப் பதவி தரலாமா என்பது கேள்வி. தரக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1960 டிசம்பரில் சொல்லிவிட்டது. வம்சத்தைப் பார்த்து அரசுப் பதவி தருவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பு.

தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டது. கர்ணம், முன்சீப் பதவிகள் ஒரே நாளில் போயின. பரீட்சை எழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய கர்ணங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. ஆந்திராவில் என்.டி.ராமராவ் அரசு 1984-ல் கரணங்களை வீட்டுக்கு அனுப்பியது.

இன்று பட்டியல் சாதியில் பிறந்த பெண்கூடக் கிராம நிர்வாக அலுவலராக வந்து, ஊர்க் கணக்கைத் திறந்து கையெழுத்துப் போடலாம். இது சின்ன மாற்றம் அல்ல.

பெயர் எங்கெங்கோ போனது

வேலை போனதும் பெயர் சும்மா இருக்கவில்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டது.

பொறியியல் படித்த சுதா குல்கர்ணி என்ற இளம்பெண், 1974-ல் ஒரு விளம்பரம் பார்த்தார். "பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று அதில் இருந்தது. கோபத்தோடு ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். வேலை கிடைத்தது. டெல்கோவில் சேர்ந்த முதல் பெண் என்ஜினீயர் அவர். இன்று நாம் சுதா மூர்த்தி என்று அறிகிறவர் அவரே.

1997-ல் கொழும்பில் ஒரு டெஸ்ட் பந்தயம். டோம்பிவிலியில் பிறந்த நிலேஷ் குல்கர்ணி தம் வாழ்க்கையின் முதல் டெஸ்ட் பந்தை வீசினார். அந்தப் பந்திலேயே அட்டபட்டு அவுட்! அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர். பிறகு என்ன ஆயிற்று? இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ரன் குவித்தது. நிலேஷுக்கு அடுத்த விக்கெட் கிடைக்கவே இல்லை. கணக்கு எழுதும் குலத்தின் பெயர்கொண்டவருக்கு எழுதி முடியாத கணக்கு!

1994-ல் வந்த "மே மாதம்" படத்தின் கதாநாயகி நினைவிருக்கிறதா? புனேக்காரரான சோனாலி குல்கர்ணி. கர்ணம் வேலையின் பெயர் கோடம்பாக்கம் வரை வந்துவிட்டது.

நம் கட்டத்தில் என்ன எழுதுவது?

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை?

நமக்கும் பெயருக்குப் பின்னால் ஒட்டு இருந்தது. அது சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் தம் பெயரில் இருந்த பட்டத்தை விட்டார். பின்னால் எத்தனையோ பேர் விட்டார்கள். பெயரும் முன்னெழுத்தும் போதும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது.

மராட்டியத்தில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. சச்சின் ரமேஷ் தெண்டுல்கர். அவர் திருச்சியில் பிறந்திருந்தால் "ர. சச்சின்". அவ்வளவுதான்!

ஆகவே, அந்தக் கட்டத்தின் முன்னால் தமிழன் தலைகுனிய வேண்டியதில்லை. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாமல் போனது மறதியால் அல்ல. சாதியைப் பெயரில் சுமக்க வேண்டாம் என்று நம் பெரியவர்கள் எடுத்த முடிவால்.

ஆனாலும், வெளி மாநிலத்தில் வாழும்போது எச்சரிக்கை வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இருந்தால், பிற்காலத்தில் பிள்ளைகள் அலைய நேரிடும். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முன்னெழுத்தை விரித்து எழுதுவதானால் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி விரித்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளும் மாறக் கூடாது. என் மூத்த பிள்ளைக்கு நான் இதைச் செய்யவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. திருத்துவதற்கு எத்தனை நாள் லீவு போட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அலுவலகத்தில் என் அடுத்த மேஜைக்காரரும் ஒரு குல்கர்ணிதான். வயதில் மூத்தவர். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இந்தக் கதையை எல்லாம் அவரிடம் சொன்னேன். ரொட்டியைப் பிட்டபடி கேட்டுக் கொண்டிருந்தார்.

"எங்கள் கிராமத்தில் இப்போது குல்கர்ணி என்று ஒருவர்கூட இல்லை. நிலம் போய்விட்டது. வீடு இடிந்துவிட்டது. இந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கள் கட்டத்தில் இருப்பது உங்கள் அப்பா பெயர்தானே? உங்கள் அப்பா பெயரைத் தினமும் நாலு பேர் சொல்கிறார்கள். என் அப்பாவின் பெயர் இந்த அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது. பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் அவர் தகப்பனார் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.